ஈயம் பட்ட வெள்ளி

என் வயதுக்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இந்த மழை பிடித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைப்பதோடு சரி. எழுதினால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ, பிழை பார்த்துச் சிரிப்பார்களோ, எழுதுகிற நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிடுமோ என்று ஆயிரம் யோசனை. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். அது ஏன் நின்றது என்பதும் இதில் வரும்.

கூடலூரில் என் வீட்டு முன்னறையில் வெள்ளி வேலை செய்கிறேன். கம்மல், மோதிரம், மெல்லிசான சங்கிலி. ஊட்டியில் ஒரு கடை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு, மகனும் திருப்பூருக்குப் போய்விட்டதும், சும்மா இருந்தால் பயம் அதிகமாகிறது என்று குன்னூரில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். கூடப் படித்த சின்னப் பெண்கள், எந்த வேலை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்பார்கள். காய்ச்சி ஆற்றுவது என்பேன். வெள்ளி அடி வாங்க வாங்க இறுகிப்போகும். அதற்குமேல் தட்டினால் விரிசல் விடும். அப்போது நெருப்பில் காட்ட வேண்டும். நிழலில் வைத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு சிவப்பு ஏறும். அந்தச் சிவப்பில் எடுத்துத் தண்ணீரில் போட்டால் பழையபடி இளகி, சொன்னபடி வளையும். எத்தனை தடவை இறுகினாலும் இளக்கிவிடலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்தது குண்டு உருட்டுவது. வெள்ளிக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்துண்டில் குழி செய்து அதில் வைத்து ஊதினால், நறுக்கு தானாகவே சுருண்டு உருண்டையாகிக் குழியில் உட்காரும். கை வைக்க வேண்டியதே இல்லை. அதற்கடுத்தது கம்பி இழுப்பது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்பு அச்சில் பெரிய ஓட்டையில் தொடங்கிச் சின்ன ஓட்டை வரை வெள்ளியை இழுத்து இழுத்து மெலிதாக்குவது. அதை இரண்டு பேர் செய்தால் சுகமாக இருக்கும். நான் அச்சை மேசையில் முடுக்கிவிட்டு ஒருத்தியாகவே இழுக்கிறேன்.

பற்றவைப்பது மட்டும் எனக்கு ஆகாது. புதுச் சாமான் என்றால் பரவாயில்லை. யாராவது பழைய நகையைக் கொண்டுவந்து "ஒட்டிக் குடுங்கக்கா" என்றால் கையில் வாங்கவே தயங்குவேன். அந்த நகையில் முன்னால் யார் கை வைத்தார்கள், என்ன வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பயிற்சியில் எல்லாரும், எனக்குக் கை நன்றாக வருகிறது என்றார்கள். இதெல்லாம் பத்து வயதில் பார்த்ததுதான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கே, யாரோடு என்று கேட்பார்களே.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். கப்பல் ஏறி, முகாமில் கிடந்து, கடைசியில் ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லயத்து வீடு, வரிசையாகக் கட்டின தொழிலாளர் வீடுகளில் ஒன்று, கிடைத்தது. அம்மா கொழுந்து எடுக்கப் போனாள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் பிட்டர், மிஷின் பழுது பார்க்கிறவர். ஃபேக்டரியை அவர் கடைசி வரைக்கும் சிலோனில் சொல்கிற மாதிரி இஸ்டோர் என்றுதான் சொன்னார். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் இல்லை.

அந்த ஊரில் மழை என்றால் வானத்திலிருந்து விழுவது மட்டும் இல்லை. சுவரிலிருந்து வரும், போர்வையிலிருந்து வரும், தீப்பெட்டிக்குள்ளும் இருக்கும். பள்ளிக்கூடம் பஜாருக்கு அந்தப் பக்கம். லயத்திலிருந்து இறங்கிப் போகிற வழியில் ஒரு ஓடை வளைவு உண்டு. யானை நிற்கிற இடம். மற்றப் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள், என்னை மட்டும் "சிலோனு, சிலோனு" என்று பின்னால் விட்டுவிடுவார்கள். மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நகராது. அங்கேயே நின்று அழுதுவிட்டு, திரும்பி வீட்டுக்கு வந்து, பூட்டின கதவுக்கு வெளியே அம்மா வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இதைத் தீர்த்துவைத்தவள் பத்தர் மகள்.

பத்தர் என்றால் நகை செய்கிறவர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் பட்டறை போட்டிருந்தார். எஸ்டேட் சனங்களின் மெட்டி, கொலுசு, காப்பு எல்லாம் அவர் கையில்தான். அவருடைய மகள் என் வகுப்பு. ஒரு நாள் நான் ஓடை வளைவில் நிற்பதை யார் சொன்னார்களோ, மறுநாள் காலையில் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு பஜாரிலிருந்து மேலே ஏறி வந்து வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் திசை அது.

"ஏ சிலோனு, ஆனை உன்னயத் தின்னாது. உம்மேல ஒண்ணுமே இல்ல. வா" என்றாள்.

மற்றவர்கள் சொன்னால் குத்துகிற வார்த்தை அவள் சொன்னால் பேர் மாதிரி இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவள் ஏறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் சரிவுக் கூரை இறக்கியிருந்த சாய்ப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஃபேக்டரி விட்டு வருகிற அப்பாவோடு நான் மேலே போவேன்.

அந்தச் சாய்ப்பின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரக் கரி புகைகிற வாசனை, நகை வெளுக்கப் போடும் புளித்தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை. பத்தர் எங்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, விரட்டவும் இல்லை. அவருக்கு மழையோடுதான் சண்டை. கரி பிடிக்க மாட்டேன் என்கிறது, பற்று ஓடத் தடவுகிற வெங்காரம் நீர்விடுகிறது என்று முனகிக்கொண்டே ஊதுகுழலை வாயில் வைத்திருப்பார். நாங்கள் அவர் ஒதுக்கிப் போட்ட அச்சை எடுத்து, அவள் பிடித்துக்கொள்ள நான் செப்புக் கம்பியை இழுப்பேன். கம்பி சின்ன ஓட்டைக்கு வரும்போது கிறீச் என்று ஒரு சத்தம் போடும். "உங்க ஊட்டுப் பூனைக்கு வாலு மாட்டிக்கிச்சு" என்பாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பத்தர் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இழுத்த கம்பியை ஈர்க்குச்சியில் சுற்றி, நறுக்கி, வளையம் வளையமாகக் கோர்த்து ஒரு சங்கிலி செய்தோம். பற்றவைக்காத வளையங்கள், கொஞ்சம் இழுத்தால் வாய் பிளந்துவிடும். அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவளிடம் இருந்தது என்றுதான் ஞாபகம்.

இனிமேல் காப்பு விஷயம்.

அம்மாவிடம் ஒரு வெள்ளிக் காப்பு இருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா போட்டது. அந்தப் பாட்டி சிலோனிலேயே தங்கிவிட்டாள். மற்ற சாமான்கள் எல்லாம் வழியிலேயே போய்விட்டன, கையில் இருந்ததால் காப்பு மட்டும் வந்து சேர்ந்தது. முகாமில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி அதில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. சேலை நூல் மாட்டுகிறது என்று அம்மா அதைக் கழற்றி வைத்திருந்தாள். ஒரு நாள் பார்த்தால் வெடிப்பைக் காணோம். அப்பா, தட்டி நிமிர்த்தினேன், மூடிக்கொண்டது என்றார். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் வைத்தாலும் தெரியவில்லை. அன்றைக்கு அம்மா முகம் இருந்த இருப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. கை மெலிந்துவிட்டது. கொழுந்துக்கூடையில் கை விடும்போது காப்பு நழுவுகிறது, செடிக்குள் விழுந்தால் தேட முடியாது என்று, பத்தரிடம் கொடுத்துக் கொஞ்சம் குறுக்கச் சொல்லலாம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். அப்பா, இப்போது எதற்கு, கை தேறிவிடும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் செலவுக்கு யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

பத்தர் காப்பை உரசிப் பார்த்தார். நல்ல வெள்ளி என்றார். ஒரு துண்டு அறுத்து எடுத்துவிட்டு, முனைகளைச் சேர்த்து, வெங்காரம் தடவி, வெள்ளிப்பொடி வைத்து, குமுட்டியில் கரியை மூட்டி ஊதினார். நானும் அவர் மகளும் கதவோரம் நின்றோம். சிவப்பு ஏறட்டும் என்று நான் காத்திருந்தேன். சிவப்பு வரவில்லை. காப்பின் எதிர்ப்பக்கத்தில், அவர் தொடாத இடத்தில், முதலில் ஒரு வியர்வை மாதிரி வந்தது. சாம்பல் நிறமாக ஏதோ ஓடியது. ஓடின தடமெல்லாம் வெள்ளி உள்வாங்கியது. மழையில் கரைகிற மண்சுவர் மாதிரி. பத்தர் குழலை எறிந்துவிட்டுக் கொறடால் தூக்கினார். தூக்கும்போதே காப்பு இரண்டாக முறிந்து ஒரு பாதி கரியில் விழுந்தது. அதில் பொத்தல் பொத்தலாக இருந்தது.

பிறகு பத்தர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஈயம் பட்டிருக்குங்கம்மா. முன்னால யாரோ ஈயம் வெச்சு ஒட்டிருக்காங்க. ஈயம் இருக்கற வெள்ளியச் சூடு காட்டுனா இப்பிடித்தான் தின்னுபோடும்" என்றார்.

அம்மா, அதை யாரும் தொடவில்லை என்றாள். அது அவள் அம்மா போட்ட காப்பு, வீட்டை விட்டுப் போகவே இல்லை என்றாள். குரல் ஏற ஏற வாசலில் ஆள் கூடியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்கள், லயத்துப் பெண்கள், எதிரில் சாயாக்கடைக்காரர்.

பத்தர் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் மேலயும் தப்பு இருக்குதுங்க. சுரண்டிப் பாத்திருக்கோணும். ஆனா இத்தன சுத்தமா அரம் போட்டிருந்தா எவனுக்குங்க தெரியும்? கைகாரன் வேலை இது" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லயத்தில் எல்லாருடைய அரிக்கன் விளக்குக்கும் ஸ்டவ்வுக்கும் ஈயப்பற்று வைத்துக் கொடுக்கிறவர் அவர். மற்றவர்கள் வேலையைப் பாராட்டினால் கூச்சத்தோடு தலையைச் சொறிவார். அன்றைக்குக் கை அசையவில்லை.

"ஏமாத்திட்டுக் கத சொல்றியா? எங்க வெள்ளிய எடுத்துட்டு ஒன் ஈயத்த வச்சுட்டு, யாரோ வச்சாங்கன்றியே. நாங்க நாடில்லாதவங்கன்னுதானே" என்று அம்மா கேட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு கூட்டத்தில் இருந்த எங்கள் சனம் எல்லாரும் அம்மா பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டு துண்டுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பத்தர் மகள் கரியில் சிந்திய வெங்காரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் நான் ஓடை வளைவு வரை போனேன். எனக்குப் பயம், அவள் வரமாட்டாளோ என்று. வந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். அவள் வந்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில், சாக்கு போட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் "வா" என்று சொல்லவில்லை.

"எங்கப்பா மாத்தலைன்னு சொல்லு. உங்கம்மாகிட்ட வேண்டாம். எங்கிட்டச் சொல்லு, போதும்."

"எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க" என்றேன்.

"எங்கப்பனுந்தான் சொல்லாது."

இரண்டு பேரும் நிஜம் என்று நம்பித்தான் சொன்னோம். பத்து வயதில் அதற்குமேல் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மழை சாக்கில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் சாக்கைச் சரிசெய்துகொண்டு திரும்பி இறங்கினாள். நானும் போயிருப்பேன், கொஞ்சம் தள்ளியாவது போயிருப்பேன். மேலே எங்கேயோ மூங்கில் முறிந்தது. வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்று நான் போனது சில நாள்தான். அம்மா ஒரு வாரம் கொண்டுபோய் விட்டாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவளுக்கு நேரமாகிவிடும், கங்காணி ஏசுவார். பிறகு, பயந்தாங்கொள்ளிக்கு என்ன படிப்பு, வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். லயத்தில் யாரும் பத்தரிடம் வேலை கொடுக்கவில்லை. ஒரு மெட்டிகூடப் போகவில்லை. மழை ஓய்ந்து பனி பிடிக்கிற சமயத்தில் அம்மாவோடு சந்தைக்குப் போனபோது பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. நான் நின்று பார்ப்பதைக் கண்டு சாயாக்கடைக்காரர் தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"அவரு போயி மோளே. குடும்பத்தோட கீழ இறங்கி. ஆ குட்டி உன்னை ஒருபாடு நோக்கியிருந்தது."

நிறைய நேரம் என்னை வழி பார்த்துக்கொண்டிருந்தாளாம். எங்கே நின்று என்று நான் கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் பற்றவைத்துத் தரவில்லை. விளக்கோடு வருகிறவர்களிடம் கை நடுங்குகிறது என்பார். நடுங்கி நான் பார்த்ததில்லை. வயசாகிவிட்டது போல என்று நினைத்தேன். இப்போது கணக்குப் போட்டால் அன்றைக்கு அவருக்கு என் மகன் வயதுகூட இல்லை.

இதெல்லாம் போன மழைக்கு ஏன் திரும்பி வந்தது என்றால், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பழைய கொலுசைக் கொண்டுவந்து, ஒரு கண்ணி விட்டுப்போயிற்று, பற்றவைத்துக் கொடுங்கள் என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேஸ் குழாயைச் சரிபார்த்தேன், ஜன்னலைத் திறந்தேன், தண்ணீர் வைத்தேன், திரும்பவும் கேஸ் குழாயைச் சரிபார்த்தேன். தீயைக் காட்டினேன். நான் காட்டாத இடத்தில் ஒரு வியர்வை வந்தது. சாம்பல் நிறமாக ஓடியது. கண் முன்னால் வெள்ளி உள்வாங்கியது.

தீயை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். அவள் கொழுந்தன் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன், அவன்தான் எப்போதோ ஒட்டிக் கொடுத்தானாம், நல்லதுக்குத்தான். நல்லதுக்குத்தான், அதில் என்ன சந்தேகம்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது பரவாயில்லை. கம்பளிக்குள் இருந்துகொண்டு, நான் இருமினால்கூட என்ன என்று கேட்பாள். அவளிடம் சொல்லலாமா என்று நாள்கணக்கில் யோசித்தேன். இந்த வயதில் அவள் மனசைக் கலைப்பானேன், அப்பாவைப் பற்றி இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது, அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் இல்லையே என்று. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். பத்தர் எதையும் மாற்றவில்லை அம்மா, அப்பாதான் ஃபேக்டரி ஈயத்தை வைத்து ஒட்டியிருக்கிறார், உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்திருக்கிறார் என்றேன்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"தெரியும் புள்ள" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ஊட்டுக்கு வந்த ஒடனேயே சொல்லிட்டாரு ஒங்கப்பா. கதவச் சாத்திட்டு அழுதாரு. இப்பவே போய்ப் பத்தருகிட்டச் சொல்லிர்றேன்னாரு. நாந்தான் விடல."

ஏன் என்று கேட்டேன். கேட்டேனா, வாய் மட்டும் அசைந்ததா தெரியவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"பஜாருல அத்தன பேருக்கு முன்னால ஏசிட்டு வந்துட்டேன். இவரு போய் நாந்தான் வச்சேன்னா, இவர எவன் மதிப்பான்? பத்தருக்கு ஊரு இருந்துச்சு, போனாரு. ஒங்கப்பாவ ஒரு நாட்டுலருந்தே தொரத்தியாச்சு. அந்த லயத்த விட்டா அவரு எங்க போவாரு?"

இத்தனை வருஷமும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்த மாதிரி இருந்தது, பிறகு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தக் கை. காப்பு நழுவின அதே கை, இப்போது அதைவிட மெலிந்து கம்பளி மேல் கிடந்தது.

"ஒன்னப் பத்தி யோசிக்காம இல்ல" என்றாள் அம்மா. "சின்னப் புள்ளதானே, ஒனக்கு வேற கூட்டாளி கெடைக்கும்னு நெனச்சேன்."

வெளியே மழை. நான் கிண்ணத்தைக் கழுவப் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"கெடச்சாளா?" என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை. மங்கின கண்ணை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். பத்தர் மகளுக்குப் பிறகு எனக்காக அச்சைப் பிடித்தவர் யாரும் இல்லை.

"கெடச்சாம்மா" என்றேன்.

"யாரு?"

"ஒனக்குத் தெரியாது" என்றேன். "நீ அவளப் பாத்ததில்ல."